கோல்ஹோலின் பன்னிரண்டாவது இசைத்தட்டு

ஃபாக்ட்னா சவர பிளேடை டேப்பின் மேல் வைத்து அழுத்தப் போன நேரத்தில், "அதைக் கீழ வைடா" என்றாள் ஃபினோலா. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அயர்லாந்தின் கார்க் நகரத்து மூடு சந்தையில் குடலும், ட்ரிஷீன் என்கிற ரத்தத் தொத்திறைச்சியும் விற்கும் கடையில் காலை ஏழு மணியிலிருந்து நின்ற கால்கள், மேட்டுத் தெருவை ஏறி வந்ததில் இன்னும் கடுத்தன. அவளுடைய சமையலறை மேசையில் பெரிய டேப் ரெக்கார்டர், இரண்டு ரீல், வெள்ளைப் பென்சில், ஆறிப்போன டீ. ஃபாக்ட்னா டி.வி. பழுது பார்ப்பவன். எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் அதற்கு உள்ளே போய்க் குடியேறிவிடுகிற ஆள். டேப்பில் இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். ஒரு கோட்டுக்கும் மற்றதற்கும் நடுவே ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம்.

"வெட்டித்தான் ஆகணும்," என்றான் அவன். "பாட்டு நடுவுல ஒரு நிமிஷம் மணிச்சத்தம். எந்த ரேடியோக்காரன் போடுவான்?"

"எந்த ரேடியோக்காரன் இதுக்கு முன்னாடி போட்டான்?"

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மாலை, பங்குக் கோயிலுக்குச் சொந்தமான மண்டபத்தில் பிரீட்டின் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்தது. மூன்றே பேர் கொண்ட குழு. பிரீட் பாடுவாள், கிட்டார் வாசிப்பாள். முரிஷ் டிரம்ஸ். வாயே திறக்காத ஒருவன் பேஸ் கிட்டார். பாட்டு கன்னியர் மடத்துச் சலவைக்கூடத்தைப் பற்றியது. பிரீட்டின் அத்தையை, அவளைப் பெற்ற அப்பாவே பத்தொன்பது வயதில் கொண்டுபோய் அங்கே விட்டார். இருபத்திரண்டு வருஷம் சம்பளமில்லாமல், வாசல் தாண்டாமல், ஊர் மக்களின் அழுக்கைத் துவைத்துவிட்டு வெளியே வந்தாள். அதைப் பற்றி நகரத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. பிரீட் பேசினாள். தொண்டை கிழிகிற மாதிரி, ஆயரிலிருந்து பங்குச் சாமியார் வரை ஒருவரையும் விடாமல் பாட்டில் இழுத்து வைத்துக் கேட்டாள். மூன்று பேரும் கோயில் படியை மிதித்துப் பல வருஷமாகிறது. தான் ஒரு நாத்திகன் என்பதைப் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட முரிஷ் சொல்லிவிடுவான்.

அப்படிப்பட்டவர்கள், இரண்டாவது சரணத்தின் நடுவில் சரியாக மாலை ஆறு மணிக்குத் திரிகால ஜெப மணி அடித்தபோது நின்றுவிட்டார்கள். முதலில் முரிஷின் கை நின்றது. அடுத்து பேஸ் நின்றது. பிரீட்டின் வாய் ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மூன்று மூன்றாக மூன்று தடவை, பிறகு சேர்ந்தாற்போல் ஒன்பது. பதினெட்டு அடியும் முடிகிற வரை மூன்று நாத்திகர்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். முரிஷின் வலது கை டிரம்ஸ் குச்சியோடு சிலுவைக் குறி போட நெற்றி வரை போய்விட்டுத் திரும்பியதை ஃபினோலா தன் கண்ணால் பார்த்தாள். பிறகு தாங்கள் செய்தது என்னவென்று அவர்களுக்கே உறைத்து, அந்த வெட்கத்தில், அந்த ஆத்திரத்தில், மிச்சப் பாட்டைப் பிய்த்து எறிந்தார்கள். ஃபாக்ட்னாவின் டேப் அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாடினது பாடினதுதான்," என்றாள் ஃபினோலா. "நம்ம கம்பெனியில வெட்டுறது கிடையாது."

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அவள் வீட்டுக் கொல்லையில் கரி கொட்டி வைக்கிற கொட்டடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் டப்ளின் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவன், அவள் தம்பியின் குழுவிடம், "கார்க் உச்சரிப்பை விட்டுட்டுப் பாடக் கத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினான். தம்பி அழுதான். ஃபினோலாவுக்கு அழுகை வரவில்லை, வேறொன்று வந்தது. மறுநாளே கரியை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கதவில் கோல்ஹோல் ரெக்கார்ட்ஸ் என்று எழுதினாள். கரிக்குழி என்றுதான் அர்த்தம். வேறு நல்ல பேர் கிடைக்கவில்லையா என்று கேட்டவர்களிடம், கிடைத்தது, வைக்க மனமில்லை என்றாள். அன்றிலிருந்து பதினொரு தட்டு. முதல் தட்டில் நாய் குரைக்கும். ஐந்தாவதில் யாரோ தும்முவார்கள். ஏழாவதில் பாடுகிறவன் இரண்டாம் சரணத்தை மறந்துபோய் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்வான், அதற்காகவே அதைத் தேடி வாங்கினார்கள். 'இவர்களுக்கு இரண்டாம் முறை பாட வசதியில்லை போலும்' என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. அதை வெட்டி எடுத்து, கொட்டடிச் சுவரில், நல்ல வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து ஒட்டி வைத்திருந்தாள்.

பின்கதவு திறந்தது. பிரீட்டும் முரிஷும் ஈரத்தோடு உள்ளே வந்தார்கள். பிரீட்டுக்கு இருபத்து நான்கு வயது. கார் தொழிற்சாலையும் டயர் தொழிற்சாலையும் மூடிய பிறகு பாதி ஊரோடு சேர்ந்து அவளும் வாரத்துக்கொரு தடவை வேலையில்லாதவர் வரிசையில் நின்றாள்.

"வெட்டியாச்சா?" என்றாள்.

"இந்தம்மா விட மாட்டேங்குது," என்று ஃபாக்ட்னா பிளேடால் ஃபினோலாவைக் காட்டினான்.

"ஃபினோலா, உனக்கென்ன பைத்தியமா? சாமியாரைத் திட்டிப் பாடிட்டு, மணி அடிச்சதும் நல்ல பிள்ளையாட்டம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"சிரிக்கட்டுமே. இந்த ஊர்ல அந்த மணிக்கு நிக்காதவன் எவன் இருக்கான், கையைத் தூக்கச் சொல்லு பாப்போம்."

"என் கையைச் சொல்லாத," என்றான் முரிஷ். "அது எங்கம்மா வளர்த்த கை. என் பேச்சைக் கேக்காது."

யாரும் சிரிக்கவில்லை. பிரீட்டின் கண் கலங்கியிருந்ததை ஃபினோலா பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு வேண்டியது நல்ல பாட்டு இல்லை, ஒரு பிசிறுகூட இல்லாத கோபம் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அப்படியொரு கோபத்தை ஃபினோலா எங்கும் கண்டதில்லை. அவளுடைய சொந்தக் கோபத்திலேயே கால்வாசி பயம் கலந்திருந்தது. முடிவைப் புதன்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை டேப்பை இங்கிலாந்தில் தட்டு அச்சடிக்கிற ஆலைக்கு அனுப்பியாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை பங்குச் சாமியார் ஹார்னட் குடல் கடைக்கு வந்தார். வழக்கமாக அவர் வீட்டு வேலைக்காரம்மாதான் வருவாள். அவர் வரிசையில் நிற்கவில்லை, வரிசை தானாக விலகிக்கொண்டது.

"பாடகர் குழுப் பயிற்சின்னு சொல்லித்தானேம்மா மண்டபச் சாவி வாங்கினே?"

"பாட்டுத்தான் ஃபாதர் பாடினாங்க. குழுவாத்தான் பாடினாங்க."

அவர் புன்னகைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்று ஊரில் பேர். அந்தப் பேரோடுதான் அவர் எங்கும் போவார். "பாட்டு வரியோட தட்டு உறை அச்சடிக்கக் கொடுத்திருந்தியாமே. அந்த அச்சகத்துக்காரர் நம்ம பங்கு இதழும் அடிக்கறவர். படிச்சுப் பாத்துட்டு மனசு கேக்காம என்கிட்ட கொண்டு வந்தார். அவர் அதை அடிக்க மாட்டார். வேற யாரும் அடிக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். அந்த டேப்பை என் வீட்டுல கொடுத்துடு. இத்தோட விட்டுடலாம். உன் முதலாளி நல்ல மனுஷன். எங்க மடங்களுக்கெல்லாம் இந்தக் கடையிலேருந்துதான் போகுது, உனக்கே தெரியும்."

கடைக்குப் பின்னால் கத்தி தீட்டும் சத்தம் நின்றது. முதலாளிக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"எவ்வளவு போடட்டும் ஃபாதர்?" என்றாள் ஃபினோலா. குடலை எடுத்துத் தராசில் போட்டாள். "நல்லா வெந்ததா, பால்ல போட்டு வெங்காயத்தோட கொதிக்க வைக்கிற மாதிரி வேணுமா?"

சாமியார் தராசின் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொம்பளைகிட்ட கேட்டீங்களா? ஒன்பது வருஷமா யாருக்கும் தெரியாம ஒதுங்கி நிம்மதியா இருக்கா. அவளைத் தெருவுக்கு இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார். வரிசையில் இருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். குடலை வாங்கவில்லை.

ஃபினோலாவுக்கு அவர் மிரட்டியது உறைக்கவில்லை. கேட்டதுதான் உறைத்தது. எவர் வாயிலிருந்து வரக் கூடாதோ அவர் வாயிலிருந்து ஒரு நியாயமான கேள்வி வந்துவிட்டதே என்று அன்று முழுக்கப் பொருமினாள். சாயங்காலம் நேரே பிரீட்டின் வீட்டுக்குப் போனாள்.

"அத்தைகிட்ட கேட்டியா?"

பிரீட் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

"கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது? எங்க வீட்டுல அதைப் பத்தி யாரும் அவங்ககிட்ட பேசினதே இல்ல. கிறிஸ்துமஸுக்கு வருவாங்க, கேக் சாப்பிடுவாங்க, பாத்திரம் கழுவ எழுந்திருப்பாங்க, எங்கம்மா வேணாம்பாங்க. அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அப்பா குடிச்சப்போ உளறினது."

"அப்போ இதைக் கேட்டுக்கோ. அவங்க வேணாம்னு சொன்னா டேப்பை நானே அழிச்சுடுவேன். சாமியாருக்காக இல்ல. அவங்களுக்காக."

"அழிச்சுட்டா ஹார்னட் ஜெயிச்சுடுவார்."

"ஜெயிக்கட்டும். அவங்களைக் கேக்காம இந்தத் தட்டு வெளிய போனா மட்டும் யார் ஜெயிச்சதா அர்த்தம்?"

புதன்கிழமை மூன்று மணிக்கு பிரீட்டின் அத்தை ஹனோரா லெனிஹன் ஃபினோலாவின் சமையலறைக்கு வந்தாள். பேருந்துப் பணிமனை உணவகத்தில் வேலை முடித்து நேராக வந்திருந்தாள். வயது ஐம்பது. பார்த்தால் அறுபது சொல்லலாம். தலையில் நீலத் தொப்பி, அதைக் கழற்றவில்லை. கைகள் உடம்புக்குப் பொருந்தாமல் பெரியவையாக, முழங்கை வரை சிவந்து, தோல் மினுமினுவென்று இருந்தன. நல்ல நாற்காலியைக் காட்டியபோது அதில் உட்காராமல், கதவுக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஹாம் வைத்த ரொட்டியை இரண்டாக மடித்துச் சாப்பிட்டாள். முரிஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரீட்தான் கடைசியில் சொன்னாள். "அத்தே, நான் ஒரு பாட்டு எழுதியிருக்கேன். உங்களைப் பத்தி. கேக்காம எழுதிட்டேன்."

"எழுதினா எழுதிட்டுப் போ," என்றாள் ஹனோரா. "போடு."

ஃபாக்ட்னா டேப்பை ஓட்டினான். அந்தச் சின்னச் சமையலறைக்குள் அந்தச் சத்தம் தாங்கவில்லை. அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஹனோராவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரைச்சல் பழகிப்போன காது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவதில் பாதி போயிற்று. டிரம்ஸ் நின்றது. மணி அடித்தது.

ஹனோரா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டாள். உதடு அசைந்தது. செபம் சொல்கிறாள் என்று ஃபினோலா நினைத்தாள். போச்சு, டேப் போச்சு என்று நினைத்தாள். பிரீட் தலையைத் திருப்பிக்கொண்டாள். பதினெட்டும் முடிந்து பாட்டு மறுபடி வெடித்துக் கிளம்பி ஓடி முடிந்தது. டேப்பின் நுனி ரீலில் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அந்த நிறுத்தம் யாரோட யோசனை?" என்றாள் ஹனோரா.

"யோசனையெல்லாம் இல்லம்மா," என்றான் முரிஷ். "கை நின்னுடுச்சு. தப்புத்தான். வெட்டிடலாம்னு இருக்கோம்."

ஹனோரா சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு இருமல் வருகிற வரை. முரிஷையே கைநீட்டிக் காட்டிச் சிரித்தாள். "கழுதை," என்றாள் அன்பாக. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதை மட்டும் இன்னொரு தடவை போடு" என்றாள்.

மணி மட்டும் மறுபடி அடித்தது. முடிந்ததும், யாரைப் பார்த்தும் இல்லாமல் பேசினாள்.

"அங்க மெஷின் எதுக்கும் நிக்காது. ஒருத்தி மயங்கி விழுந்தாலும் நிக்காது. மணி அடிச்சா மட்டும் நிக்கும். மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எல்லாரும் நின்ன இடத்துல நின்னு செபம் சொல்லணும். சிஸ்டர் வாயைப் பாத்துக்கிட்டே நடப்பாங்க, உதடு அசையுதான்னு. எனக்கு அங்க பெர்பெச்சுவான்னு பேர் வச்சிருந்தாங்க. சொந்தப் பேரைச் சொன்னா சாப்பாடு கிடையாது. சில பொண்ணுங்களுக்கு அஞ்சாறு வருஷத்துல நெஜமாவே மறந்துபோச்சு. நான் அந்த மணிக்கு உதட்டை அசைப்பேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை. ஹனோரா லெனிஹன், ஹனோரா லெனிஹன். பதினெட்டு தடவை. அவங்க செபம்னு நினைச்சுக்குவாங்க."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, யாரும் அதை எடுக்கவில்லை. ஃபாக்ட்னா பிளேடை ஒரு பழைய செய்தித்தாளில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"எல்லாம் சரிதான்," என்று ஹனோரா பிரீட்டைப் பார்த்தாள். "நீ எல்லார் பேரையும் சொல்லித் திட்டுற. என்னை மட்டும் 'என் அத்தை, என் அத்தை'ங்கற. எனக்குப் பேரில்லையா?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு நினைச்சேன் அத்தே."

"சங்கடம் எனக்கா? என்னைக் கொண்டுபோய் விட்டவன் செத்து, பளிங்குக் கல்லுல பேரோட படுத்திருக்கான். தட்டு உறை மேல என் பேர் வரணும். முழுசா. இல்லன்னா இந்தப் பாட்டு வேணாம்."

பிரீட் முக்காலி அருகே மண்டியிட்டு அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய கைகளுக்கு அவள் தலையை என்ன செய்வதென்று சற்று நேரம் தெரியவில்லை. பிறகு ஒரு கை மெதுவாக அதன் மேல் இறங்கியது. ஃபினோலா வெட்கப்படாமல் அழுதாள்.

வெள்ளிக்கிழமை டேப் முழுசாகக் கப்பலேறியது. அடுத்த திங்கட்கிழமை முதலாளி ஃபினோலாவை முன்கடையிலிருந்து எடுத்து, பின்னால் குடல் கழுவும் தொட்டிக்கு மாற்றினார். "கொஞ்ச நாளைக்கு ஃபாதர் கண்ணுல படாம இரு பொண்ணே," என்றார், தரையைப் பார்த்தபடி. அவளை வேலையை விட்டு அனுப்பவும் தைரியமில்லை, முன்னால் வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. குளிர்ந்த தண்ணீரில் விரல் விறைத்துப் போனது. ஃபினோலா தொட்டியருகே நின்று, முன்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி பிரீட்டின் பாட்டைப் பாடிக்கொண்டே கழுவினாள். ஊரில் நான்கு அச்சகத்தை விசாரித்தாள். முதலாமவருக்குக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது, இரண்டாமவரின் இயந்திரம் பழுது, மூன்றாமவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. நான்காமவர் மட்டும், "நான் இந்த ஊர்ல பிழைக்கணும்மா" என்று உண்மையைச் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து ஐந்நூறு தட்டுகள் உறையில்லாமல் அம்மணமாக வந்து இறங்கின. சனிக்கிழமை காலை ஃபினோலா விடுப்புச் சொன்னாள். முந்தின நாளே, கடையில் குடல் மடித்துக் கொடுக்கிற பழுப்புக் காகிதத்தில் மூன்று ரோலை விலைக்கு எடுத்து, முதலாளியின் கண்முன்னால் தோளில் சுமந்துகொண்டு மேடு ஏறியிருந்தாள். சமையலறையில் ஃபாக்ட்னா அளவெடுத்து வெட்டினான். பிரீட் மடித்தாள். முரிஷ் பசை தடவினான், பாதியைத் தன் மேலேயே தடவிக்கொண்டான். தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லைக் கதவருகே ஒரு பலகையைப் போட்டு ஹனோரா உட்கார்ந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் புட்டியும், மரப்பிடி போட்ட தட்டையான பேனாவும் எடுத்தாள்.

ஒவ்வொரு உறையிலும் முழுப் பேரை எழுதினாள். விரல் நீள எழுத்து. அவசரமே இல்லை. வேறு எதுவும் எழுத விடவில்லை. குழுவின் பேரை எங்கே போடுவது என்று முரிஷ் கேட்டதற்கு, பின்னால் சின்னதாகப் போட்டுக்கொள் என்றாள். மை காய இடம் வேண்டியிருந்தது. மேசை நிறைந்தது, நாற்காலிகள் நிறைந்தன, மாடிப்படி ஒவ்வொன்றிலும் ஹனோரா லெனிஹன் படுத்துக் காய்ந்தது. காலை வைக்க இடமில்லாமல் ஃபினோலா ஒற்றைக் காலில் நின்றாள். ஹனோரா எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் கொல்லைக்குப் போய், துணிக் கொடியில் உறைகளை மாட்டத் தொடங்கினாள். இரண்டு உறையின் ஓரத்தைச் சேர்த்து ஒரு கவ்வி, அடுத்ததோடு சேர்த்து இன்னொன்று. அந்த வேகத்தை வேறு யாராலும் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் தலையை நீட்டி வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், உள்ளே போனாள், தன் வீட்டுக் கவ்விக் கூடையைக் கொண்டு வந்து மதில் மேல் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். கொல்லைக்கு நேர் மேலே, மேட்டில், பங்குச் சாமியார் வீட்டின் பின்பக்க ஜன்னல் இருந்தது.

பதினோரு மணிக்குத் தூறல் ஆரம்பித்தது. ஃபினோலா ஓடிப்போய் முதல் கவ்வியைக் கழற்றினாள்.

"விடுடி," என்றாள் ஹனோரா. "இது துணிக்குக் குறி போடுற மை. கொதிக்கிற தண்ணியில போட்டாலும் போகாது. இருபத்திரண்டு வருஷம் ஊரான் போர்வையில எல்லாம் நம்பர் போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மை போகாது சரி, காகிதம்?" என்று உள்ளேயிருந்து ஃபாக்ட்னா கேட்டான்.

"காகிதம் காயும்."

ஃபினோலா கழற்றிய கவ்வியை மறுபடி மாட்டினாள். மேலே ஜன்னலில் திரை சற்று விலகியது. ஹனோரா அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த உறையை உதறி, நீவி, எழுத்து மேட்டைப் பார்க்கும்படி திருப்பிக் கொடியில் போட்டாள். பிறகு ஏற்கெனவே மாட்டியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே போனாள். மழை அவளுடைய வெறும் தலையில் விழுந்துகொண்டிருந்தது.